பண்பொழிப் பலா

செங்கோட்டை
ஆடி 9

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். இப்பவும், நார்த்தங்காய் ஊறுகாயை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புங்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதனால் இந்தக் கடிதத்தையும் ஆபீஸ் விலாசத்துக்கே போடுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் "சாப்பிட்டியா" என்பேன், நீ "சாப்பிட்டேன்பா" என்பாய், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வருவதில்லை. எழுதினால் கொஞ்சம் சொல்ல முடிகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்லத் தோதில்லை என்றாலும் பரவாயில்லை.

பத்து நாளாக நல்ல சாரல். காற்றும் பலம். பண்பொழியில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற பலா வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் மூன்று நாள் அதை யாரையும் தொடவிடவில்லையாம். நாலாம் நாள் அவரே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நம் மர மில்லுக்கு வந்தார். விறகுக்குப் போகக் கூடாது, பலகையாக்கிக் கொடுங்கள், பாதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்ததுமே உன் ஞாபகம்தான் வந்தது. பத்து அடி நீளம், நடுவில் சுற்றளவு ஆறு அடி, மேல் முனையில் இரண்டு கிளை பிரிகிற கவட்டை முழுசாக இருக்கிறது. வளைவு இல்லை. ஒரே ஒரு கணு, அதுவும் ஓரத்தில்.

கயிறு போட்டு அளந்தேன். டேப் இருந்தாலும் எனக்குக் கயிறுதான் நம்பிக்கை. ஏழு வயதில் அந்தக் கயிற்றை நாலாக மடிப்பது உன் வேலை. மடித்த கயிற்றின் நீளத்தை அதே அளவால் பெருக்கி, மரத்தின் நீளத்தால் பெருக்கினால் கன அடி. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால், பத்து அடிக்கு 22.5. எட்டாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு படித்துவிட்டு ஓடிவந்து, "அப்பா, உங்க கணக்கு தப்பு, நூற்றுக்கு இருபத்தொன்றை விட்டுடுறீங்க" என்றாய். மேஸ்திரி வாயைப் பிளந்துவிட்டார். உன் கணக்குப்படி இந்தப் பலா 28 கன அடிக்கு மேல் வரும். பட்டையோடு விழுகிற முதுகுப் பலகைக்கும் மரத்தூளுக்கும் போவதை வாங்குகிறவன் தலையில் கட்டாமலிருக்கத்தான் அப்படி ஒரு கணக்கு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சரி" என்று தலையாட்டினாய். மரக்கடைக்காரர்கள் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை.

ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே. வேலையை எட்டு மணியோடு முடித்துக்கொள்.

இந்தப் பலாவை நான் இன்னும் அறுக்கவில்லை. இரண்டு முனையிலும் சாணி மெழுகிக் கொட்டகைக்குள் உருட்டி வைத்திருக்கிறேன். முனை சீக்கிரம் காய்ந்தால் நடுவிலிருந்து வெடிப்பு கிளம்பும், உனக்குத் தெரியும். மேஸ்திரி தினம் ஒருதரம் கேட்கிறார், "முதலாளி, எப்ப டிராலியில ஏத்தலாம்" என்று. பொறு பொறு என்கிறேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

நாற்பது வருஷமாக இதைச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. டிராலியில் கட்டையை ஏற்றிக் கொக்கி போட்டு இறுக்கியதும் எந்தப் பக்கத்தை முதலில் பிளேடுக்குக் காட்டுவது என்று நிற்கிறோம் பார், அந்த ஐந்து நிமிஷத்தில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது. கணுவை எந்தப் பலகைக்குத் தள்ளுவது, நடுக்குருத்தை எப்படி ஒதுக்குவது, எப்போது கட்டையைக் கால் வட்டம் திருப்பிப் போடுவது. நடுவிலிருந்து பட்டையை நோக்கி மரம் சுருங்குவதைப்போல, வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதைப் பார்க்காமல் அறுத்தால் நல்ல பலகையும் கிண்ணம் மாதிரி வளைந்துபோகும். அப்புறம் முதல் பலகை பட்டையோடு விழும். அதில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது வெட்டில்தான் மரம் தன் முகத்தைக் காட்டும். பலாவென்றால் மஞ்சள் அரைத்துப் பூசினது மாதிரி இருக்கும், கண் கூசும். புத்த பிட்சுகள் காவித் துணிக்குச் சாயம் எடுத்தது இந்தக் கட்டையிலிருந்துதான். பால் பிசின் ஒட்டாமலிருக்கப் பிளேடு மேல் தண்ணீர் சொட்டும், அந்தத் தண்ணீரும் மஞ்சளாய் ஓடும். வருஷம் போகப் போகச் செம்பு நிறமாக மாறும். நம் வீட்டு ஊஞ்சல் பலகை ஒரு காலத்தில் மஞ்சள் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

தேக்கு அதற்கு நேர்மாறு. அறுத்த அன்றைக்குப் பாசி பிடித்தது மாதிரி மங்கலாக, திட்டுத் திட்டாக இருக்கும். கடையத்துக்காரர் ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டு மரத்தை மாற்றிவிட்டாய் என்று சண்டைக்கே வந்தார். ஒரு வாரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். பொன்னாக நின்றது. அவர் பேரன் வீட்டுக்கும் நம் மில்லில்தான் நிலை அறுத்தார்கள். வேங்கையைச் சொல்லவே வேண்டாம், பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி வடியும். சர்க்கரைக்காக அந்த வேங்கை டம்ளரில்தான் இப்போதும் தண்ணீர் குடிக்கிறேன், மாத்திரையும் விடவில்லை, அம்மாவிடம் கேட்டுக்கொள்.

இந்தக் கவட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கிளையின் நாரும் ஒன்றையொன்று நெருக்கிப் பின்னிக்கொள்கிற இடம் அது. சரியாக நடுவில் வெட்டு விழுந்தால் மயில் தோகை மாதிரி விரியும். அரை அங்குலம் தப்பினால் வெறும் பலகை. உள்ளே தண்ணீர் இறங்கி அழுகியும் இருக்கலாம். அறுக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அறுத்த அந்த நிமிஷம், அதுவரை யார் கண்ணும் படாத ஒன்றை முதலில் பார்ப்பது நாம். சின்ன வயதில் டிராலிக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பாய். பலகை விழுந்ததும் தூள் அடங்குமுன் ஓடிப்போய்ப் புறங்கையால் தடவிப் பார்ப்பாய். உள்ளங்கையால் தடவாதே, சிலாம்பு ஏறும் என்று ஒருதரம் சொன்னது, அப்படியே பிடித்துக்கொண்டாய்.

நிலம்பூருக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரக் கலெக்டர் கன்னோலி 1840களில் நட்ட தேக்குத் தோப்பு. நீயும் அம்மாவும் நானும் கை கோத்து ஒரு மரத்தைச் சுற்றி நின்றோம். அந்த நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் கூடலூர்க் காட்டுக்காகப் போட்ட வழக்கில்தான், 2002இல் உச்ச நீதிமன்றம் புது மர மில்லுக்கு இஷ்டத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அதனால் தாத்தா காலத்து நம் லைசென்ஸுக்கு இப்போது மதிப்பு. போன மாதம்கூட இரண்டு பேர் விலை கேட்டு வந்தார்கள். 2014இல் பர்மா உருட்டு மரம் அனுப்புவதை நிறுத்தியதிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது, ரெடிமேட் கதவு வந்துவிட்டது, இன்னும் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்கள். விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெரியத்தை கோபப்படுகிறாள். யாருக்காக வைத்திருக்கிறாய் என்கிறாள். பதில் சொல்லவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. சித்திரைத் திருநாளுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. வைகாசியில் கல்யாண வீட்டுக்கும் வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஆபீஸில் லீவு இல்லை என்று நானே சொன்னேன். பொய் சொல்ல எனக்குச் சரியாக வராது, உனக்குத் தெரியும். அம்மா உன் நட்சத்திரத்தன்று இலத்தூர்க் கோயிலுக்குப் போனாள், என்ன வேண்டிக்கொண்டாள் என்று என்னிடம் சொல்லவில்லை. போன மாதம் உன்னோடு பேசி முடித்துவிட்டு வந்து ரொம்ப நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "நான்தான் சரியாப் பாக்கலம்மா" என்று நீ சொன்னதாக மட்டும் சொன்னாள். எதைப் பற்றி என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இதே வார்த்தையை நீ என்னிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறாய். கிணற்றடித் தேக்கை அறுத்த அன்றைக்கு. உனக்குப் பதினைந்து வயது. ஆணி இருக்கிறதா என்று பட்டையைத் தட்டிப் பார்ப்பது அப்போது உன் பொறுப்பு. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய், சுத்தமாயிருக்குப்பா என்றாய். மூன்றாவது வெட்டில் பிளேடு இரும்பில் ஏறியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அறுந்த பிளேடு டிராலி அண்ணன் முன்னங்கையைக் கிழித்தது, பதினாலு தையல். அத்தனை பேர் முன்னாலும் நான் உன்னைத்தான் திட்டினேன். பொம்பளைப் பிள்ளையை மில்லுக்குள் விட்டது என் தப்பு என்றேன். நீ அழவில்லை. "நான் சரியாப் பாக்கலப்பா" என்றாய். அதற்குப் பிறகு மில் வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. நானும் வா என்று சொல்லவில்லை.

பாப்பா, அந்த ஆணி நான் அடித்தது.

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் போன பிறகு அந்தக் கட்டையை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆணியைச் சுற்றி மரம் கருநீலமாய்க் கறுத்திருந்தது. தேக்கில் வருஷ வளையம் தெளிவாகத் தெரியும். ஆணித் தலையிலிருந்து பட்டை வரைக்கும் எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன், பதினைந்துதான். நீ மூன்று மாதப் பிள்ளை, கோடைப் புழுக்கத்தில் வீட்டுக்குள் தூங்க மாட்டாய் என்று கிணற்றடிக் காற்றில் தூளி கட்ட நானே ஆறு அங்குல ஆணி அடித்தேன். மரம் உச்சியில்தான் வளர்கிறது, அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். தூளிக்கு அடித்த அதே உயரம். மேலே பட்டை மூடி ஒரு தழும்புகூட இல்லாமல் ஆகியிருந்தது. நீ என்ன, எங்கப்பாவே வந்து பார்த்திருந்தாலும் கண்டிருக்க மாட்டார். அடித்தவனுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை.

விடிந்ததும் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். டிராலி அண்ணனிடமும் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன், அதோடு முடித்துக்கொண்டேன். முதலாளி தப்பு செய்தான் என்று ஆட்கள் பேசுவார்களே என்று பயந்தேன். ஒரு வாரம் போனது, ஒரு வருஷம் போனது, பிறகு நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். பத்தொன்பது வருஷம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்த ஒரு சாண் கட்டையை ஆணியோடு அறுத்தெடுத்து மேஜை டிராயரில் பழைய கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிராலி அண்ணனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். தழும்பைத் தடவிக்கொண்டே, "பாப்பாகிட்ட சொன்னீங்களா முதலாளி" என்றுதான் கேட்டார்.

நீ அன்றைக்கு நன்றாகத்தான் பார்த்தாய். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு தூரம் சுற்றிவிட்டேன். வேறு எதைப் பற்றியும் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

சாணி மெழுகினது ஆவணி வரைக்கும் தாங்கும். அதற்குமேல் வைத்தால் வெடிக்கும், வெள்ளைப் பகுதியில் பூச்சி விழும். அறுத்த பிறகும் பலகைகளுக்கு நடுவில் ரீப்பர் குச்சி கொடுத்து அடுக்கி, அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயவிட வேண்டும். கவட்டையை எந்தப் பக்கம் திருப்பி வெட்டுவது என்று எனக்குப் பிடிபடவில்லை, நீ வந்து பார்த்துச் சொல். பொதிகையில் ஏறினால் காலையில் செங்கோட்டை. ஸ்டேஷனுக்கு நானே வருவேன். எத்தனை பெட்டி கொண்டுவந்தாலும் மில் ஆட்டோ இருக்கிறது. மேல் அறையை அம்மா கழுவி வைத்திருக்கிறாள்.

ராத்திரி கண் விழிக்காதே. வரும்போது செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வா. டிராலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு
அப்பா