ஃபேமிலி என்ற கட்டத்தில்

தாராவி, மும்பை

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

சித்தப்பா போய் இன்றோடு பதினோரு நாள். "அவர் ஃபேமிலி லிஸ்ட்ல வரமாட்டார்மா, ஆபீஸ்ல லீவு கேக்க முடியாது" என்று அன்றைக்கு நீ வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாய். நீ வரவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. டொரண்டோவிலிருந்து மறுநாள் காலைக்குள் யாரால் வந்து சேர முடியும்? ஆனால் அந்த ஒரு சொல் உள்ளே கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

இருபத்தேழு வருஷம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான். 'மை ஃபேமிலி' என்று பத்து வரி எழுதச் சொன்னால் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று பிள்ளைகள் எழுதும். நானும் சரி போட்டுக் கொடுத்துவிடுவேன். 'ஃபேமிலி இஸ்' என்றும் சொல்லலாம், பிரிட்டிஷ்காரர்கள் 'ஃபேமிலி ஆர்' என்றும் சொல்வார்கள், மொத்தமாக நினைத்தால் ஒருமை, ஆளாளாக நினைத்தால் பன்மை என்று இலக்கணம் வரைக்கும் நடத்தினேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

அது இலத்தீன் சொல். 'ஃபமுலுஸ்' என்றால் வேலைக்காரன், அடிமை. அதிலிருந்து பிறந்தது 'ஃபமிலியா'. ரோமாபுரியில் ஒரு வீட்டுத் தலைவனின் கைக்குள் இருந்த அத்தனை பேரும், அடிமைகள் உட்பட, அதில் சேர்த்தி. மனுஷனை உடைமையாக எண்ணிய கணக்கு அது, மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் வீட்டு வேலையாட்களைத்தான் முதலில் குறித்தது. பிறகு ஒரு கூரைக்குக் கீழே இருந்த எல்லாரையும். பெற்றவர்களும் பிள்ளைகளும் மட்டும் என்று சுருங்கியது அதற்கும் பிந்தித்தான். லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்று ஒருவர், அரசாங்க உத்தியோகஸ்தர். 1660 ஜனவரியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கும்போதே, குடும்பத்தில் நாங்கள் மூன்றே பேர் என்கிறார். அவர், அவர் மனைவி, வேலைக்காரப் பெண் ஜேன். பிள்ளை இல்லாத வீடு அது. ஜேனைச் சேர்த்தால்தான் அவருக்குக் கணக்கு சரியாக வந்தது.

நம் பக்கம் வந்ததும் அந்தச் சொல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஃபேமிலி வரலையா?" என்று அப்பாவிடம் கேட்டால் என்னைத்தான் கேட்கிறார்கள். எதிர்வீட்டு மராட்டிப் பெரியவரும் தன் மனைவியைக் 'குடும்பம்' என்றுதான் சொல்வார். நாமும் 'இல்'லிலிருந்து இல்லாளும் மனையிலிருந்து மனைவியும் செய்தவர்கள்தானே.

சித்தப்பா நம் வீட்டு இட்லி வியாபாரத்தில் வேலைக்கு வந்தது 1988-இல். வயசு பதினாறு, கையில் ஒரு மஞ்சப்பை. அப்பாவுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, ஒரே ஊர்கூட இல்லை. சம்பளம் வாங்கியவர்தானே என்று நீ கேட்கலாம். வாங்கினார். அதை என் கையிலேயே கொடுத்து வைத்து, ஊரில் இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்தார். தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவார். விடிவதற்குள் அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று கிளம்பிவிடுவார். ஆவி அடித்து அடித்து முழங்கை வரைக்கும் தழும்பு. குடும்பத்தைத் துன்பம் அண்டாமல் மறைக்கிறவன் உடம்பு துன்பத்துக்கே ஒரு பாத்திரமோ என்று 1029-ஆவது குறள் கேட்கிறது. குளிப்பாட்டும்போது அந்தக் கையைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

2005 ஜூலை 26 உனக்கு மறந்திருக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நீ ஆறாவது படித்தாய், பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டாய். அப்பா ஒரு பக்கம் தேடிப்போக, நெஞ்சளவுத் தண்ணீரில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றவர் சித்தப்பா.

2011-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைப் போட்டார்கள். யார் யாரை ஒரு வீட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சேர்ந்து வசித்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு கணக்கு. சொந்தமாக இருக்கலாம், சொந்தமில்லாமலும் இருக்கலாம். அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நம் வீட்டுக் கணக்கில் சித்தப்பாவும் ஒருவர். சர்க்கார் தாளிலேயே அப்படித்தான் இருக்கிறது ராசா.

கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நீட்டினார்கள். "பேஷண்டுக்கு நீங்க யாரு, ஃபேமிலியா?" என்று கேட்டார்கள். அப்பா ஒன்றும் யோசிக்கவில்லை. உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆதாரைப் பார்த்த நர்ஸ், "ரெண்டு பேருக்கும் அப்பா பேரு வேற வேறயா இருக்கே" என்றாள். "ஆமாம்மா, அப்பா வேறதான்" என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கொள்ளி வைத்ததும் அப்பாதான்.

ஆபீஸ் படிவத்தில் அவர்கள் கேட்கிறபடியே எழுது. அது விசாவுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஆன கணக்கு, அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவராதே.

ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். இங்கே காலை ஏழு மணிக்குப் படையல், உனக்கு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. வீடியோ காலில் வா. பாப்பாவை அதுவரைக்கும் தூங்கவிடாமல் வைத்திரு. அவள் வரைந்து அனுப்பிய 'மை ஃபேமிலி' படத்தில் நீங்கள் மூன்று பேரும் ஒரு பூனையும் இருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைத்தானே பிள்ளை வரையும்.

இதோடு ஒரு போட்டோவும் வருகிறது. தொண்ணூறு அடி ரோட்டில் பொங்கல் அன்றைக்கு எடுத்தது. சித்தப்பா தோளில் நீ, கையில் கரும்பு, உனக்கு மூன்று வயசு. சின்னத் தாத்தா என்று சொல்லி அவளுக்குக் காட்டு.

அன்புடன்,
அம்மா