லிட்டர் பைக் வேண்டாம் மாப்ள

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் முருகன் கோயிலில் காவடி. சாந்தி விரதம் இருந்து பால்குடம் எடுத்தாள். வெயில் கொளுத்தியது, அவள் முகத்தில் சோர்வே தெரியவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குவதென்றால் ஆயிரம் சிசி லிட்டர் பைக்கா, அதற்குக் கீழேயா என்று கேட்டிருக்கிறாய். கீழேதான் மாப்ள, யோசிக்கவே வேண்டாம்.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிறாய் என்றால் வேறு பேச்சு. ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு லிட்டர் பைக் எதற்கு? இங்கே வேக வரம்பு ஹைவேயில் மணிக்கு 120 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே மற்ற ரோடுகளில் 100, ஊருக்குள் 60. ஆயிரம் சிசி சூப்பர்பைக்குகள் பலவும் முதல் கியரிலேயே 140ஐத் தாண்டிவிடும். மீதி ஐந்து கியரும் சும்மா கூட வரும். அந்த எஞ்சின் கண் விழிக்கும் இடத்துக்கு நீ போய்ச் சேர்வதற்குள் சட்டத்தை மீறியிருப்பாய், ரோடும் தீர்ந்திருக்கும்.

நம்ம ஆர்எக்ஸ் 100ஐ நினைத்துப் பார். 98 சிசி, 11 குதிரைத்திறன். ஆழியாறிலிருந்து வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வண்டியிடம் இருந்ததையெல்லாம் கறந்துதானே மேலே ஏறினோம்? எஞ்சின் தந்த அத்தனையையும் நாமே செலவழித்தோம், சந்தோஷம் அதில்தான் இருந்தது. ரோட்டில் அதே சந்தோஷத்தை இன்றைக்குத் தரக்கூடியது 650, 700 சிசி வண்டிகள்தான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

நான் வைத்திருக்கும் யமஹா ஆர்7ஐயே எடுத்துக்கொள். 689 சிசி, இரண்டு சிலிண்டர், பெட்ரோல் நிரப்பி 188 கிலோ. குதிரைத்திறன் எழுபத்துச் சொச்சம்தான். காகிதத்தில் பார்த்தால் யமஹாவின் பழைய 600 சிசி ஆர்6 இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் டார்க்கை, அதாவது எஞ்சினின் இழுவையைப் பார்: ஆர்6க்கு 61.7 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 10,500 தரம் சுற்றும்போது (ஆர்பிஎம்). ஆர்7க்கு 67, வெறும் 6,500இல். கோவை அவிநாசி ரோட்டில் யார் பத்தாயிரத்துக்கு மேல் முறுக்கிக்கொண்டு போவார்கள்? புகை விதிகள் இறுகியதில் ஐரோப்பாவில் ஆர்6ஐ ரோட்டுக்கென்று விற்பது 2020ஓடு நின்றுபோனது. அந்த அலறலை நேசித்தவர்களுக்கு அது பெரிய இழப்புதான், எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் தினப்படி ரோட்டுக்கு அதற்குப் பின் வந்த வண்டிகளே பொருத்தம்.

இங்கே டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்குப் பழைய மெயின் ரோடு ஒன்று உண்டு. 1921இலிருந்து காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிற வழி. ஹில்கிரெஸ்ட் தாண்டி போத்தாஸ் ஹில், டிரம்மண்ட் என்று போகும்போது ஒரு பக்கம் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன்களோடு அங்கேதான் போவேன். வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியர், ஆர்பிஎம் ஊசி நாலாயிரத்து ஐந்நூறில் நிற்கும். பிரேக்கை லேசாகத் தொட்டு விட்டு, பார்வையை வளைவு முடிகிற இடத்தில் வைத்து, உள்பக்க ஹேண்டிலை ஒரு தள்ளு. வண்டி தானே சாய்கிறது. பாதி வளைவு கடந்ததும் ஆக்சிலேட்டரைத் திறந்தால் பின்சக்கரம் ரோட்டைப் பிடித்துத் தள்ளுவது முதுகுத்தண்டில் தெரியும். 270 டிகிரி கிராங்க் என்பதால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை, அதனால் வி-ட்வின் (வி வடிவ இரட்டைச் சிலிண்டர்) எஞ்சின் மாதிரி ஒரு உறுமல் வரும். மேட்டில் கரும்பு லாரி முன்னால் போனால்கூட கியர் குறைக்க வேண்டியதில்லை. இத்தனையும் 80, 90 கிலோமீட்டர் வேகத்துக்குள்!

பையன்களுக்கு இது லேசில் புரியாது. இந்த நாட்டு ரேஸ் வீரர் பிராட் பிண்டர் 2016இல் சின்ன வண்டிகளுக்கான மோட்டோ3 உலக சாம்பியன், 2020இல் பிர்னோவில் உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் முதல் வெற்றி. அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் லிட்டர் பைக் ஆசை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்கின் ராய் ஹெஸ்கெத் டிராக்கில் அந்தக் காலத்துப் பந்தயங்களைப் பார்த்தவர், அவர்களிடம் கோர்க் பாலிங்டன் கதையைத்தான் சொல்வார். 1978, 1979 இரண்டு வருஷமும் 250 சிசி, 350 சிசி இரண்டு பிரிவிலும் உலக சாம்பியன், தென்னாப்பிரிக்காக்காரர். சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

உனக்கு எது? ஆர்7ஐ நான் சொல்ல மாட்டேன். சீட் 835 மில்லிமீட்டர் உயரம், ஹேண்டில் தாழ்வு. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊரில் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். மீனாவைப் பின்னால் உட்காரவைத்துப் போவதானால் நின்ஜா 650 பார். சீட் 790தான், ஹேண்டிலும் உயரம். பின் டயர் 160 மில்லிமீட்டர் அகலம்தான் என்பதால் 190 போட்ட பெரிய வண்டிகளைவிடச் சுலபமாகத் திரும்பும். கொஞ்சம் கூடுதல் துடிப்பு வேண்டுமென்றால் டிரையம்ஃப் டேட்டோனா 660. மூன்று சிலிண்டர், 95 குதிரைத்திறன். உச்ச டார்க்கில் 80 சதவீதத்துக்கு மேல் 3,125 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது என்கிறார்கள். ஏப்ரிலியா ஆர்எஸ் 660 கண்ணைப் பறிக்கும், 100 குதிரைத்திறனுக்குக் குறையாது, 183 கிலோ. வாங்குமுன் உங்கள் ஊரில் சர்வீஸ், ஸ்பேர் எப்படி என்று விசாரி. எதுவானாலும் ஷோரூமில் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்காதே. டெஸ்ட் ரைடு கேட்டு வாங்கி, சாயங்கால நெரிசலில் ஒருதரம் ஓட்டு. கால்மேல் சூடு எவ்வளவு வருகிறது, கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை வலிக்கிறதா, இரண்டையும் கவனி.

இங்கே எனக்குத் தொல்லை உப்புக்காற்றுதான். கடலோரம் எம்4 ரோட்டில் உம்லாங்கா வரை போய் வந்தாலே ஃபோர்க் போல்ட்டுகளில் வெள்ளையாகப் படிந்துவிடும். செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, செயின் லூப் (மசகு எண்ணெய்) அடித்து வைக்கிறேன். செயினுக்குள் ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது, கம்பி பிரஷ் மட்டும் போடவே கூடாது. நீ வாங்கினாலும் இதை நினைவில் வை.

ஜூன், ஜூலையில் வா. இங்கே குளிர்காலம், மழை குறைவு, ரோடு காய்ந்து கிடக்கும். இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்து வை. என் பழைய ஹெல்மெட் உனக்குச் சேராது, உன்னுடையதையே கொண்டு வா.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன்,
முரளி