கோரிக்கை மனு: வடகொழும்பில் நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதம் ஒரு நாள், ஒரே இடத்தில், தமிழில் சேவை

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

விடயம்: வடகொழும்பில் வாழும் நீண்டகால நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய அரச சேவைகளை மாதந்தோறும் ஒரே இடத்தில் தமிழ் மொழியில் வழங்குமாறு கோருதல்

மட்டக்குளி, மோதரை, புளுமெண்டல், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஆகிய இடங்களில் வசித்துக்கொண்டு, நீண்டகால நோயாளர் ஒருவரையோ மாற்றுத்திறனாளி ஒருவரையோ வீட்டில் வைத்துப் பராமரித்துவரும் குடும்பத்தினராகிய நாங்கள், இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றோம். புதிதாக ஒரு கொடுப்பனவையோ புதிதாக ஒரு திட்டத்தையோ நாங்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் வரவு செலவுத் திட்டத்திலும் இருப்பவை, படியிறங்கவோ வாய் திறந்து பேசவோ இயலாத ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில், அவருக்கு விளங்கும் மொழியில் கிடைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

ஒப்பமிட்ட அனைவரின் சார்பிலும் இதனை எழுதும் நான், தொடர்மாடிக் குடியிருப்பொன்றின் எட்டாம் மாடியில் வசிப்பவள். என் கணவர் செட்டியார் தெருவில் நகைக்கடை ஒன்றில் முப்பத்தொரு வருடங்கள் கணக்கெழுதியவர். பாரிசவாதம் கண்டு அவரது வலது கையும் வலது காலும் செயலிழந்ததோடு பேச்சும் போயிற்று. உயிரைக் காப்பாற்றித் தந்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நாங்கள் என்றென்றும் நன்றியுடையவர்கள். அங்கே எமக்கு ஒரு குறையும் இல்லை. கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய நாளுக்குப் பிறகு நேர்ந்தவற்றையே தங்களிடம் முறையிட வேண்டியுள்ளது.

பாரிசவாதம் கண்டவருக்கு முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்களுக்குள்தான் இழந்த இயக்கத்திலும் பேச்சிலும் பெரும்பகுதி மீள்கிறது என்றும், அக்காலத்தில் இயன்மருத்துவத்தையும் பேச்சுச் சிகிச்சையையும் இடையில் விடக்கூடாது என்றும் எமக்குச் சொல்லப்பட்டது. அந்த ஆறு மாதங்களில் எமது கட்டடத்தின் மின்தூக்கிகள் பலமுறை ஒரே நேரத்தில் பழுதடைந்து கிடந்தன. எட்டு மாடிகளையும் அவரைக் கதிரையில் இருத்தி நான்கு பேர் சுமந்து இறக்க வேண்டும்; அந்த நால்வரும் அன்றைய நாட்கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். ஒருமுறை கேட்டேன், இருமுறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது. இவ்வாறு தவறிய தவணைகளை வைத்தியசாலைப் பதிவேட்டில் நோயாளி சமுகமளிக்கவில்லை என்றே எழுதுவார்கள். அவர்கள் வேறு எப்படி எழுத முடியும்? 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி வருகிறது, அதன் ஊழியர்கள் மிகுந்த கனிவோடு நடந்துகொள்கிறார்கள். ஆனால் அது அவசர நோயாளருக்கானது. கிளினிக்குக்குப் போய்வர அதனை அழைப்பது நியாயமாகாது என்பதால் நாங்கள் அழைப்பதில்லை.

மொழி பற்றி ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். என் கணவர் வாடிக்கையாளருடன் நாள் முழுதும் சிங்களத்தில் சரளமாகப் பேசியவர். வீட்டில் என்னைவிட அவருக்கே சிங்களம் நன்றாகத் தெரியும். நோய்க்குப் பின்னர் தமிழில் ‘தண்ணி’, ‘வலி’, ‘வேண்டாம்’ என்று ஒவ்வொரு சொல்லாக மீண்டும் வரத் தொடங்கியது, சிங்களம் வரவேயில்லை. பல மொழி தெரிந்தவருக்கு இந்நோய் கண்டால் எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்புவதில்லை என்று பின்னர் அறிந்தோம். அவருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த பிள்ளை பொறுமையானவர். படங்களைக் காட்டிச் சிங்களச் சொல்லைச் சொல்லி, பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் என்ன என்று கேட்பார். நான் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். அந்தப் பிள்ளையின் நல்மனத்தில் ஐயமில்லை. ஆயினும் பேச்சுச் சிகிச்சையில் மொழி என்பது வசதிக்கான ஒன்றன்று, அதுவே மருந்து. அந்த மருந்து அரைகுறையாகவே எமக்குக் கிடைத்தது.

கொடுப்பனவு விடயத்தில் எமக்கு நேர்ந்ததும் இதுவே. வறிய குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் வழங்கப்படும் மாதாந்தக் கொடுப்பனவு, 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மூலம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதற்காக அரசுக்கு நன்றி தெரிவிக்கின்றோம். அதற்கு விண்ணப்பிக்கச் சென்ற ஓர் அலுவலகத்தில் முதல் நாள் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சிங்களப் படிவம் தந்தார்கள். அதை நிரப்ப வாசலில் இருந்த ஒருவருக்குப் பணம் கொடுத்தேன். இரண்டாம் நாள் மருத்துவச் சான்றிதழில் பதவி முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் உரிய உத்தியோகத்தர் களப்பணிக்குச் சென்றிருந்தார். ஒவ்வொரு நாளும் கணவரை அயலவரின் பொறுப்பில் விட்டுவிட்டே போனேன். பின்னர் வங்கிக் கிளை ஒன்றில், அவரது கையொப்பம் பழைய கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். ஒப்பமிட்ட வலது கை செயலிழந்ததற்காகத்தானே அந்தக் கொடுப்பனவே வருகிறது என்று நான் விளக்க முயன்றேன். பெருவிரல் அடையாளத்தை ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வாரங்கள் சென்றன.

என் வீட்டுக் கதையை மாத்திரம் சொல்லித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. எமது கீழ்மாடியில் புறக்கோட்டையில் நாட்டாமையாக மூட்டை சுமந்த ஒருவர் இருக்கிறார். சலரோகப் புண்ணால் முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது. கொழும்பு 2 இல் பல்லாண்டுகளாக ஜெய்ப்பூர் கால் எனப்படும் செயற்கைக் காலைப் பொருத்திவரும் பிரெண்ட்-இன்-நீட் சங்கத்தின் மூலம் அவருக்கு ஒரு கால் கிடைத்தது. அதை அணிந்து முதல் மாதம் கோயில் திருவிழாவுக்கும் நடந்தே போனார். ஆனால் கால் அகற்றப்பட்ட பின்னர் எஞ்சிய பகுதி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும் என்பதும், அதற்கேற்பச் செயற்கைக் காலின் குழியைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குச் சரியாக விளங்கியிருக்கவில்லை. உராய்ந்து புண் வரவே, சலரோகக்காரருக்கு மறுபடி புண்ணா என்ற அச்சத்தில் காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டார். அருகில் ஓரிடத்தில் மாதம் ஒருமுறை அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்தக் கால் இன்று வாசலில் நடந்துகொண்டிருக்கும்.

சக்கர நாற்காலிகளின் நிலையும் ஏறத்தாழ இவ்வாறே உள்ளது. எமது பகுதிக்குச் சக்கர நாற்காலி வராமல் இல்லை. மேடை கட்டி, மாலை போட்டு, படம் பிடித்துத் தருகிறார்கள். ஆளை அளந்து பார்ப்பதில்லை, வீட்டுக் கதவின் அகலத்தையும் பார்ப்பதில்லை. ஆகவே மடக்கி வைத்த நாற்காலிகளில் துணி காய்வதை எமது நடைவழிகளில் தாங்கள் நேரில் காணலாம். கொடுத்தவர்களைக் குறை சொல்வதாக இதனைக் கொள்ள வேண்டாம். ஒரு நாற்காலி கொடுக்கப்பட்டதும் கடமை முடிந்துவிட்டதாகக் கொள்ளும் வழக்கத்தையே குறிப்பிடுகிறோம்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனும் ஒரு வகையான இயலாமையுடன் வாழ்கின்றனர். இவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களில் தடையின்றிப் பிரவேசிக்கும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியாகின. அவ்விதிகளைப் பின்பற்றுவது பற்றி உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 அன்று கட்டளையும் பிறப்பித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 இல் கைச்சாத்திட்ட இலங்கை, 2016 இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. தமிழ், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாயிற்று. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழ் பேசும் ஒருவர் அரச அலுவலருடன் தம் மொழியில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் இடமளிக்கிறது. இவை யாவும் தாங்கள் நன்கறிந்தவை. சட்டத்தில் எமக்குக் குறையில்லை என்பதைக் காட்டுவதற்காகவே இங்கு எடுத்துரைத்தோம்.

குறை தூரத்திலும் சிதறலிலும் இருக்கிறது. உதவு உபகரணத்துக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் பத்தரமுல்லையில். மனநல சிகிச்சைக்குத் தேசிய நிறுவனம் அங்கொடையில். புனர்வாழ்வு வைத்தியசாலை றாகமையில். 1912 இல் தொடங்கப்பட்ட செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை இரத்மலானையில். கொடுப்பனவு பற்றிய விசாரணை பிரதேச செயலகத்தில். ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல நிறுவனமே. ஆனால் ஹெட்டியாவத்தையில் 176 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி இராஜகிரியவில் இறங்கி, பத்தரமுல்லைக்கு இன்னொரு பஸ் எடுப்பது எனக்கே பாதி நாள் வேலை. ஒரு பக்கம் செயலிழந்தவரைப் படி உயர்ந்த பஸ்ஸில் ஏற்ற இயலாது. நடத்துநர் மணியை அடித்துவிடுவார். ஓட்டோவில் போய்வர இரண்டாயிரம் ரூபாவுக்கு மேலாகிறது. இப்படி மாதம் மூன்று பயணம் போனால் பெறுகின்ற கொடுப்பனவில் பெரும்பகுதி அதைப் பெறுவதற்கும் தொடர்வதற்குமே கரைந்துவிடும்.

ஆகவே எமது கோரிக்கை பின்வருமாறு அமைகிறது. கொட்டாஞ்சேனைக்கும் மட்டக்குளிக்கும் இடையில், படியில்லாத அல்லது சாய்வுப்பாதை உள்ள ஒரு பொது மண்டபத்தில், ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரே நாளில், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், மருத்துவச் சான்றிதழில் அவ்விடத்திலேயே ஒப்பமிட அதிகாரமுள்ள வைத்தியர், இயன்மருத்துவர், உபகரணங்களை அளந்து திருத்தத் தெரிந்த தொழில்நுட்பவியலாளர், மனநல உத்தியோகத்தர், சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து சேவை வழங்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகின்றோம். வருடத்தில் ஒருமுறை வந்து போகும் நடமாடும் சேவை எமக்குப் போதாது; அதில் விண்ணப்பம் கொடுக்கலாம், அதன் முடிவைக் கேட்க யாரும் அங்கிருப்பதில்லை. அதே உத்தியோகத்தர் அடுத்த மாதமும் அதே கதிரையில் அதே கோவையுடன் இருப்பார் என்றால், பாதி அலைச்சல் தானாகவே குறைந்துவிடும். இறங்கி வரவே முடியாதவரின் வீட்டுக்கு அன்று பிற்பகல் ஒருவர் ஏறி வருவதாயின் இன்னும் நன்று.

அந்த நாளில் தமிழ்ப் படிவங்கள் இருக்க வேண்டும். வருகின்ற உத்தியோகத்தரில் இருவராவது தமிழில் பேசவும் எழுதவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சையைத் தமிழில் தரக்கூடிய ஒருவரை மாதம் ஒருமுறையேனும் அனுப்ப இயலுமா எனச் சுகாதார அதிகாரிகளுடன் கலந்து பேசுமாறு தனியாகவும் வேண்டுகிறோம். மனநலம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பயனடைந்த குடும்பங்கள் எம்மிடையே உள்ளன, ஆனால் அயலார் கண்ணில் படாமல் அங்கொடைக்குப் போய்வர வேண்டுமே என்ற கூச்சத்தால் மருந்தை நிறுத்திக்கொண்ட பிள்ளைகளும் உள்ளனர். எல்லாரும் எல்லா வருத்தத்துக்கும் வருகின்ற ஒரு மண்டபத்தில், யார் எதற்கு வந்தார் என்று எவரும் கேட்கமாட்டார்.

மின்தூக்கி தங்கள் நேரடிப் பொறுப்பில் வருவதன்று என்பதை அறிவோம். எனினும் வீடமைப்புக்குப் பொறுப்பான அதிகார சபையை மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு அழைக்கும்போது, நடக்க இயலாதவர் உள்ள வீடுகளின் பட்டியலை அவர்கள் முன் வைத்து, அக்குடும்பங்கள் விரும்பினால் நிலமாடி வீட்டுக்கு மாறிக்கொள்ள வழிசெய்யுமாறும், இரு மின்தூக்கிகளில் ஒன்றாவது எப்போதும் இயங்கும்படி பராமரிக்க ஒரு ஏற்பாட்டை எழுத்தில் பெற்றுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். பட்டியலை நாங்களே வீடு வீடாகச் சென்று தயாரித்துள்ளோம். யாருடைய நோய் விபரமும் அதில் இல்லை. மாடியின் எண்ணும், படி இறங்க எத்தனை பேரின் உதவி வேண்டும் என்பதும் மட்டுமே உள்ளன.

மண்டபத்தைக் கூட்டித் துடைக்கவும், கதிரை அடுக்கவும், வரிசைத் துண்டு கொடுக்கவும், சிங்களம் தமிழ் இரண்டும் தெரிந்த எமது பிள்ளைகளை நாள் முழுதும் உதவிக்கு நிறுத்தவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் நாளை எந்த மாதத்தில் வைக்கலாம் என்பதைக் கலந்துரையாடத் தாங்கள் ஒரு நேரம் ஒதுக்கித் தந்தால் எம்மில் மூவர் வந்து சந்திப்போம். அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார் என்பதால், சந்திப்பை நிலமாடியில் வைத்துத் தருமாறு இப்போதே கேட்டுக்கொள்கிறோம். தங்கள் பதிலைத் தமிழில் எழுத்து மூலம் எதிர்பார்த்திருக்கின்றோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

கொழும்பு 13, கொழும்பு 15 பகுதிகளில் வாழும் பராமரிப்போர்
(ஒப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இணைப்பு: மாடிவாரியாக உதவி தேவைப்படும் வீடுகளின் பட்டியல்
பிரதி: பிரதேச செயலாளர், கொழும்பு