கினிப்பன்றிக்குக் கரட் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சிறுவர் பகுதியில் கினிப்பன்றி வளர்ப்புப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். படம் அழகாக இருந்தது. ஆனால் முயலைப் போலவே வளர்க்கலாம், கரட்டும் வெள்ளரிக்காயும் போதும், ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி வாங்கிப் பல்கனியில் கூடு வைத்தால் வேலை சுலபம் என்று எழுதியிருந்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. டிசம்பர் விடுமுறை வருகிறது. பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டில் அடம்பிடிப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முயலின் உடல் தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கினிப்பன்றியால் அது முடியாது. இந்த விஷயத்தில் அது நம் கட்சி. 1907ஆம் ஆண்டு நோர்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். விற்றமின் சி இல்லாமல் முன்பு கப்பல் மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. செய்தி மட்டும் இன்னும் நம்மூர் விற்பனையாளர்களின் காதில் விழவில்லை.

எங்கள் தொடர்மாடியில் ஒரு சிறுவன் வளர்த்த பழுப்புநிறக் கினிப்பன்றியைப் பார்த்திருக்கிறேன். மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் இருந்தது. பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து நடந்தது. தூக்கினால் கீச்சென்று அலறியது. கீழே விழுந்து கால் முறிந்திருக்கும் என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். மிருக வைத்தியர் மூட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். வெள்ளரிக்காய் என்றார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். விற்றமின் சி மருந்தும் கறிமிளகாயும் கொடுக்கத் தொடங்கிய பின் அது மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கியது.

வளர்ந்த கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை விற்றமின் சி தேவை. சினையாக இருந்தால் கூடுதலாக வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம். குடைமிளகாயில் ஒரு துண்டு, ஒரு பிடி கங்குன், எப்போதாவது சிறு துண்டு கொய்யாப்பழம் எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலேயே கிடைக்கும். பைக்கற்றில் வரும் குருணைத் தீவனத்தில் விற்றமின் சேர்த்திருப்பதாக அச்சிட்டிருப்பார்கள். அது நாள்பட நாள்பட வீரியம் இழக்கும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆகவே காலாவதித் திகதியை விட உற்பத்தித் திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் கடந்த தீவனத்தை நம்ப முடியாது. கரட்டில் இனிப்பு அதிகம். அதை ஆசைக்குக் கொடுக்கலாம், சாப்பாடாகக் கொடுக்கக்கூடாது.

உண்மையான சாப்பாடு புல். பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி இது. நார் நிறைந்த புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் பல்லும் தேயும், குடலும் ஓடும். இறக்குமதியாகும் உலர்புல்லின் விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. நம் நாட்டில் தானாக வளர்ந்து கிடக்கும் கினிப்புல்லைக் கழுவி, நீர் வடியவிட்டுக் கொடுக்கலாம். காலி வீதி ஓரத்தில் மட்டும் பிடுங்காதீர்கள். வாகனப் புகையும் நாய் மூத்திரமும் படிந்த புல் அது. ஒருநாள் முழுக்க ஒன்றும் தின்னாமல் கிடந்தால் அதை அவசர நோயாளியாகவே நினைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் பாணியை ஊற்றுவது கைவைத்தியமல்ல, கொலை. பென்சிலின் வகை மருந்துகள் அதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். அதன் பின் பிழைப்பது கடினம்.

பல்கனிக்கு வருகிறேன். கினிப்பன்றியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாடு. 18 முதல் 24 பாகை வரையான வெப்பம் அதற்கு இதம். 28ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுக்க 30ஐ ஒட்டித்தான் இருக்கிறது. கடலைப் பார்த்த எங்கள் பல்கனிகளில் பிற்பகல் வெயில் நேரே உள்ளே வந்து விழும். அங்கே கம்பிக்கூட்டில் அடைத்து வைப்பது உயிரோடு வாட்டுவதுதான். வீட்டுக்குள் நிழலான, காற்றோடும் இடத்தில், கம்பி இல்லாத தட்டையான தரையில் வையுங்கள். கம்பித்தரை பாதத்தைப் புண்ணாக்கும். நண்பகலில் உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், அதுவே தேடிப்போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

சோடி விஷயம்தான் எனக்கு மிகவும் கோபமூட்டுகிறது. சினைக்காலம் சுமார் இரண்டு மாதம். ஈன்ற அன்றே தாய் மறுபடி சினைப்படலாம். ஆண்குட்டிகளை மூன்று வாரத்தில் பிரிக்காவிட்டால் தாயோடும் சகோதரிகளோடும் சேர்ந்துவிடும். முதற்பேறு ஆறேழு மாத வயதுக்கு மேல் தள்ளிப்போனால் இடுப்பெலும்பு விரியாமல் தாய் இறக்க நேரிடலாம். இத்தனையும் தெரிந்துகொண்டே ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சில மாதத்தில் குட்டிகளை வாங்க ஆளில்லாமல் வீட்டுக்காரர் திண்டாடுகிறார். தனியே ஒன்றை வளர்ப்பதும் தீர்வல்ல. அது கூட்டமாக வாழும் பிராணி. சுவிற்சர்லாந்தில் ஒன்றை மட்டும் வைத்திருப்பதற்குச் சட்டமே இடங்கொடுக்காது. இரண்டு பெண்களை வாங்குவதே நல்லது. வாங்கும்போது ஆணா பெண்ணா என்று பார்த்து உறுதிசெய்யத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பி இரண்டு பெண்கள் என்று வாங்கி, பிறகு குட்டிகளை எண்ணியவர்கள் பலர்.

நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புக்கு இன்றும் கைகொடுப்பது 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான். புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அது வரும்போது வரட்டும். அதுவரை விற்பவர்கள் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு கூடுகளில் வைக்கலாம். மூன்று மொழியிலும் ஒரு பக்கக் குறிப்பு அச்சிட்டுக் கொடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தங்கள் பத்திரிகையும் விடுமுறை தொடங்குவதற்கு முன், அதே சிறுவர் பகுதியில், அதே அளவு இடத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.