அந்தப் பூனை அறிவிப்பை எடுத்துவிடுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மாடிப்படி அருகே நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். பூனைகள் தோட்டத்தையும் வாசலையும் அசுத்தம் செய்வதால் அவரவர் வீட்டு முன் அந்துருண்டை போடலாம், பினாயில் தெளிக்கலாம், மிளகாய்ப் பொடி தூவலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

நான் பூனைப் பிரியை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதை போட்ட மறுநாளே பாத்தியைத் தோண்டி, அதிலேயே வேலையை முடித்துவிட்டுப் போன பூனையை நான் திட்டாத திட்டு இல்லை. மிளகாய்ப் பொடியும் ஒரு தடவை தூவிப் பார்த்தவள்தான். பூனை அதை மிதித்தது. ஓரமாய்ப் போய் உட்கார்ந்து பாதத்தை நக்கியது. அப்புறம் அதே பாதத்தால் முகத்தைத் துடைத்தது. வெகுநேரம் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துச் செடிகளில் முட்டிக்கொண்டு திரிந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்று மாலையே மழை வந்து பொடி கரைந்துபோனது. மூன்றாம் நாள் பாத்தியில் மறுபடி குழி. ஆக, கொடுமையும் செய்தேன், பலனும் இல்லை.

அந்த நக்கும் பழக்கத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. பூனையின் காலில் ஒட்டியது எதுவானாலும் வயிற்றுக்குள் போகும். பினாயிலில் இருக்கிற பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. பூனைக்கு அது மிகவும் குறைவு. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இதுவே முக்கியமான காரணம். 'இயற்கையானது' என்று விற்கும் டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம்கூட அதற்கு விஷம்தான். காபித்தூள் சக்கையைக் கொட்டலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதில் மிச்சமிருக்கும் காஃபீன் பூனைக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது.

அந்துருண்டையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அது மூடிய அலமாரிக்காகச் செய்த பொருள். நெடி உள்ளேயே தங்கினால்தான் அதற்கு வேலை. திறந்த வாசலில் நெடி காற்றோடு போய்விடும், உருண்டை மட்டும் தரையில் கிடக்கும். அதிலுள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது, மனிதருக்கும்தான். பிறவியிலேயே ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தவழ்கிற குழந்தைக்கு அது வெள்ளை மிட்டாய் மாதிரி தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லையா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

சரி, பூனையை எப்படித்தான் விலக்குவது? அதற்கு மெத்தென்ற, உலர்ந்த, கிளறிவிட்ட மண் வேண்டும். நாம் ஆசை ஆசையாய்த் தயார் செய்யும் விதைப்பாத்தி அப்படியே அதன் கழிப்பறை. ஆகவே மண்ணை மாற்றினேன். கோழி வலைக் கம்பியைப் பாத்திமேல் விரித்து, கூரான ஓரங்களை உள்ளே மடக்கிப் புதைத்து, மேலே விரல்கடை அளவு மண் போட்டேன். நாற்று ஓட்டை வழியே வந்துவிட்டது. தோண்ட வந்த பூனைக்குக் கம்பி தட்டுப்பட்டது, இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. தொட்டிகளில் பெரிய கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்பினேன். மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் உதவுகிறது.

ஓரிடத்தை மூடினால் இன்னோரிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பாத்திக்குப் போகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் மூலையில் மணல் கொட்டுங்கள். தினமும் அள்ளுவது முக்கியம். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆனால் மண்ணில் கலந்துவிட்டால் பல மாதம் உயிரோடு கிடக்கும். அள்ளுகிறவர் கையுறை போட வேண்டும், கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குழந்தைகள் விளையாடும் மணல்குழிக்கு இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவது சங்கத்தின் வேலை. இதைப் போன வருடமே கேட்டேன்.

வாசலில் மூத்திர நாற்றம் என்றதும் அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கிறோம். பூனை மூத்திரத்திலும் அதே நெடிதான். வேறு பூனை வந்துபோயிருக்கிறது என்று எண்ணி அதன்மேலேயே மறுபடி அடிக்கும். நொதி கலந்த க்ளீனர் வாங்கிக் கொடுங்கள். வாசல் நாற்காலி மெத்தைகளை ராத்திரி உள்ளே எடுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். பொதுத் தோட்டத்துக்கு, அசைவு பட்டால் தண்ணீர் பீய்ச்சும் சென்சார் ஸ்பிரிங்க்ளர் நல்லது. பூனை திடுக்கிட்டு ஓடும், அவ்வளவுதான். நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் மீயொலிக் கருவி பூனை வரவைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தும் என்று நம்பி நிறையச் செலவழிக்காதீர்கள்.

இதெல்லாம் என் பாத்தியைக் காப்பாற்றும். ராத்திரிச் சண்டையையும் மூத்திரம் அடிப்பதையும் குறைக்க ஒரே வழி கருத்தடை. பெட்டைப் பூனை 4, 5 மாத வயதிலேயே சினைப்படலாம். சுமப்பது ஏறக்குறைய 9 வாரம்தான். பிடித்துப் போய் எங்காவது விட்டுவிடலாம் என்றார் செயலாளர். உணவும் இடமும் இங்கே இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறு பூனை வரும். பிடித்து, அறுவை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கத்தரித்து, அதே இடத்தில் திரும்ப விடுவதுதான் பல ஊர்களில் நடக்கிறது. கூண்டு வைக்குமுன் யார் வீட்டு வளர்ப்புப் பூனை எது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும், பால் கொடுக்கும் தாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் தீனி வைக்கும் அம்மாவோடு சண்டை போடாதீர்கள். அவர் வந்தால்தான் பூனைகள் கூண்டுப் பக்கம் வரும். தீனியை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வைத்து, மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடச் சொன்னால் அவர் கேட்பார். நான் பேசிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பராமரிப்பு நிதியிலிருந்து கருத்தடைச் செலவை ஒதுக்குவது பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அதுவரை அறிவிப்பை எடுத்துவிட்டு, ஏற்கெனவே போட்ட அந்துருண்டைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். என் வாசல் பக்கம் கிடந்த பதினொன்றை நேற்றே பொறுக்கிவிட்டேன். மணல் மூலை அமைந்தால் முதல் மாதம் அள்ளும் வேலை என்னுடையது.

இப்படிக்கு,
தரைத்தளத்தில், பாத்தி போட்டிருக்கும் வீட்டுக்காரி