முன்னாள் மாணவர் விளையாட்டுக் கழகம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் பணிவான வணக்கம். நம் கழகத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயல்பாடுகள் குறித்த அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்துக்குப் பின் முன்னாள் மாணவர்களும் இன்றைய மாணவர்களும் மோதிய நட்புமுறைக் கூடைப்பந்து ஆட்டம் நடைபெற்றது. கல்லூரி விளையாட்டு விழாவுக்கு வழக்கம்போல் கேடயங்கள் வழங்கப்பட்டன. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குக் கழகத்தின் அஞ்சலி உரித்தாகுக.

கூடைப்பந்தில் நம் ஆண்கள் அணி, கல்லூரிகளுக்கு இடையேயான பல்கலைக்கழகப் போட்டியில் காலிறுதியுடன் வெளியேறியது. பெண்கள் அணி அரையிறுதி வரை சென்றது. சிறிய கல்லூரி ஒன்றுக்கு இது எளிய காரியமன்று. பெண்களுக்கான ஆட்டத்தில் 6ஆம் எண் பந்தே பயன்படுத்தப்படும் என்பதும், அது ஆண்களின் 7ஆம் எண் பந்தைவிடச் சுற்றளவிலும் எடையிலும் குறைந்தது என்பதும் உறுப்பினர்கள் அறிந்ததே. ஆனால் நம் மாணவியர் பல ஆண்டுகளாக ஆண்கள் ஆடி ஒதுக்கிய பந்துகளிலேயே பழகிவந்தனர். கனமான பந்தில் பழகிய கை, போட்டியன்று லேசான பந்தை எறிந்தால் அது வளையத்தைத் தாண்டிப் பலகையில் போய் மோதுகிறது. இவ்வாண்டு தொடக்கத்திலேயே கழகம் 6ஆம் எண் பந்துகளை வாங்கித் தந்தது. பெண்களின் காலிறுதியின் கடைசிக் கால்பகுதியில் எதிரணியின் ஃபவுல்கள் (விதிமீறல்கள்) நான்கைக் கடந்து, அடுத்தடுத்து நமக்கு ஃப்ரீ த்ரோக்கள் (தடுப்பவரின்றி வளையத்தை நோக்கி எறியும் வாய்ப்புகள்) கிடைத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை வலைக்குள் விழுந்தன. அந்த ஆட்டத்தை வென்று தந்தவை அவையே. சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட செய்தியை நம் மாணவியர் வெட்டியெடுத்து விளையாட்டு அறையில் ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

அடுத்து, பேஸ்பால். இது குறித்துச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. செயற்குழுவிலும் வெளியிலும் இதைப் பற்றி அரைகுறைத் தகவல்களின் அடிப்படையில் பலவாறு பேசப்பட்டதால் முழு விவரமும் குறிப்பில் ஏறுவது நல்லது.

நம் மைதானத்தில் பேஸ்பால் அணி பல ஆண்டுகளாகச் சமதரையிலேயே பயிற்சி செய்துவந்தது. இந்த ஆட்டத்தில் பந்தெறிபவர் நிற்கும் இடம் சமதரையாக இருக்கக் கூடாது. 18 அடி விட்டமுள்ள வட்டமான மண்மேடு வேண்டும். அதன் உச்சி, மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். உச்சியில் பதிக்கும் ரப்பர் பட்டையின் முன்விளிம்பிலிருந்து ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும். பட்டைக்கு முன்னால் 6 அங்குலம் தள்ளி, அடிக்கு ஓர் அங்குலம் வீதம் மேடு சரிந்து இறங்க வேண்டும். சமதரையில் பழகிய மாணவன் போட்டியில் இத்தகைய மேட்டின் மீது ஏறி எறியும்போது, முன்வைக்கும் கால் அவன் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாகவும் தாமதமாகவும் தரையைத் தொடுகிறது. கையின் கணக்குப் பிசகி, பந்து மேலும் கீழுமாகச் சிதறுகிறது. நான்கு பந்துகள் அப்படித் தவறினால் மட்டையாளர் மட்டையை வீசாமலேயே முதல் பேஸுக்கு (ஓட்டப் பாதையின் முதல் நிலைக்கு) நடந்து போய்விடுகிறார். முந்தைய ஆண்டுகளில் நம் அணி தோற்ற ஆட்டங்களில் பல இப்படிக் கைவிட்டுப் போனவையே. மாணவர்களின் திறமைக் குறைவால் அல்ல.

எனவே மைதானத்தின் வடகிழக்கு மூலையில், கிரிக்கெட் எல்லைக்கோட்டுக்கு வெளியே, முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் மேடு அமைக்கப்பட்டது. ஏரி வண்டலும் செம்மண்ணும் மணலும் கலந்து, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்காகப் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து உயர்த்தினோம். கொத்தனார் ஒருவர் தண்ணீர்க் குழாய் வைத்து 10 அங்குல உயரத்தை மட்டம் பார்த்துத் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருடைய மகன் நம் கல்லூரி மாணவன் அல்லன் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடு கிரிக்கெட்டுக்கு இடைஞ்சல் என்ற குற்றச்சாட்டை எழுப்பியவர்கள் ஒருமுறை நேரில் வந்து அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் மேட்டை மூடுவதற்கென்று கழகச் செலவில் தார்ப்பாய் வாங்கப்பட்டது. கார்த்திகை மாதத்தில் அத்தார்ப்பாய் உறுப்பினர் ஒருவரின் இல்ல விழாப் பந்தலுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. என்னிடமோ உடற்கல்வி இயக்குநரிடமோ எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து வந்த மழையில் மேட்டின் முன்சரிவு கரைந்து ஓடியது. மாணவர்கள் மறுபடியும் மண் சுமந்து, வகுப்பு முடிந்த மாலைகளில் அதைச் சீர்செய்தார்கள். பெயர் குறிப்பிடுவது என் நோக்கமன்று. கழகத்தின் பொருள்கள் இனி பதிவேட்டில் கையொப்பமிடாமல் வெளியே செல்லக் கூடாது என்ற தீர்மானத்தை இப்பொதுக்குழு நிறைவேற்றித் தர வேண்டும்.

கிரிக்கெட் இருக்கையில் பேஸ்பால் எதற்கு என்று கேட்ட உறுப்பினர்களுக்கும் மரியாதையுடன் விடை கூறுகிறேன். நம் அணியில் பாதிப் பேர் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள்தான். பந்தை அடித்ததும் மட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடும் பழக்கத்தை மாற்றுவதற்கே உடற்கல்வி இயக்குநர் முதல் மாதம் முழுவதும் பாடுபட்டார். நம் முதன்மைப் பந்தெறிபவரோ ஈட்டி எறிதலிலிருந்து வந்தவர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு ஈட்டி எறிதல் வீரர்கள் 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானதை அவரிடம் சொன்ன நாளிலிருந்து பயிற்சிக்கு முதலில் வருபவர் அவரே. மத்திய அரசு 2020ஆம் ஆண்டு விளையாட்டு வீரர்களுக்கான பணிநியமனப் பட்டியலில் 20 ஆட்டங்களைப் புதிதாகச் சேர்த்தபோது பேஸ்பாலும் அதில் இடம்பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் ஒருசேரச் சேர்க்கப்பட்டுள்ளன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களே நிறைந்த நம் கல்லூரியில், ஒரு விளையாட்டுச் சான்றிதழ் குடும்பத்துக்கே வழி திறக்கக்கூடும் என்பதை இங்குப் படித்து வேலைக்குச் சென்ற நாம் மறக்கலாகாது.

இவ்வாண்டு பேஸ்பால் அணி கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது. நம் மாணவர் இருவர் பல்கலைக்கழக அணித் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டனர். இடக்கைப் பழக்கமுள்ள மாணவர் ஒருவர், எறியும் கை இடது என்பதால் வலக்கையில் அணியும் கையுறை தேவைப்பட, அது கிடைக்காமல் இடக்கைக் கையுறையையே மாற்றி மாட்டிக்கொண்டு, கட்டைவிரல் சுண்டுவிரலின் கூட்டில் திணறியபடி ஆண்டு முழுவதும் ஆடினார் என்பதையும், அவருக்குரிய கையுறை வாங்கும் தீர்மானம் நிதியில்லாமையால் கிடப்பில் இருக்கிறது என்பதையும் வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

வரவு செலவைப் பொருத்தவரை, பொருளாளர் தனியே சமர்ப்பிக்கும் கணக்கில் விவரங்கள் உள்ளன. சுருக்கமாகச் சொன்னால், நன்கொடையும் விழா மலர் விளம்பரமும் கைகொடுத்ததால் பற்றாக்குறை பெரிய அளவில் ஏற்படவில்லை. மேடு, வலை, பந்துகள் ஆகியவற்றுக்கான செலவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்ளேயே அமைந்தது. ரசீதுகள் யாவும் கோப்பில் உள்ளன.

சந்தா குறித்துச் சொல்லாமல் விட இயலாது. பதிவேட்டில் பெயருள்ள உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. அவர்களில் சிலருக்கு முந்தைய ஆண்டுகளின் நிலுவையும் உண்டு. அஞ்சலட்டை அனுப்பினோம், தொலைபேசியில் நினைவூட்டினோம், வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டோம். அணி வென்ற அன்று அக்குழுவில் வாழ்த்துகள் குவிகின்றன. சந்தா அறிவிப்பு வந்த அன்று குழு அமைதியாகிவிடுகிறது. செயற்குழுக் கூட்டங்களில் இருமுறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் காத்திருந்து கலைய நேர்ந்தது. வேலைப்பளுவும் குடும்பக் கடமைகளும் எல்லோருக்கும் உள்ளவையே. வர இயலாதவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால், வந்தவர்களின் மாலைப் பொழுதாவது வீணாகாது.

மைதானத்தை வழங்கிய கல்லூரி நிர்வாகத்துக்கும், முதல்வருக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து நின்ற உடற்கல்வி இயக்குநருக்கும், கணக்கைப் பொறுமையுடன் பேணிய பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், பெயர் வெளியிட விரும்பாத நன்கொடையாளருக்கும் கழகத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். மைதானக் காவலருக்குச் சிறப்பு நன்றி. பந்தெறிபவர் காலூன்றும் இடத்தில் விழும் குழியை, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஈரமண் வைத்து இடித்து மூடியவர் அவர்தான்.

வரும் ஆண்டில் பேஸ்பால் அணிக்குக் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) அணியும் கவசம் ஒரு முழுத் தொகுப்பும், மேற்சொன்ன வலக்கைக் கையுறையும், கூடைப்பந்துத் தளத்தின் விரிசல்களுக்குச் சிமென்ட் பூச்சும் உடனடித் தேவைகள். நிலுவைச் சந்தா முழுவதும் வந்து சேர்ந்தால் எவரிடமும் நன்கொடை கேட்காமலேயே இம்மூன்றையும் முடித்துவிடலாம் என்பது பொருளாளரும் நானும் சேர்ந்து போட்ட கணக்கு. வராவிட்டால் இவற்றில் எதைக் கைவிடுவது என்பதை நான் ஒருவனாக முடிவு செய்ய இயலாது. பொதுக்குழுவே முடிவு செய்து தர வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். மேட்டைப் பராமரிக்கும் பணியும் அப்பொறுப்பில் அடங்கும் என்பதை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ரசீதுப் புத்தகம் இன்று கூட்டம் முடியும் வரை பொருளாளரின் மேசையில் இருக்கும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்