தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கம்: மாணவர் வழிகாட்டுக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பெற்றோர், ஆசிரியர், மாணவர் அனைவருக்கும் வணக்கம்.

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உதவியாசிரியர்களாக இருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர், தாங்கள் படிக்கும் பள்ளிகளின் நேஷனல் ஹானர் சொசைட்டி (சிறந்த மாணவர்களைச் சேர்க்கும் அமெரிக்க அமைப்பு) கிளைகளில் பொறுப்பாளர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை நிற்பதே இந்தக் குழுவின் வேலை. இந்த ஆண்டு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வந்தவை. பொறுப்பாளரின் வேலை எது, எது அவர் வேலை இல்லை என்பது பெற்றோருக்கும் தெரியவில்லை, சில நேரம் மாணவருக்கும் தெரியவில்லை.

உறுப்பினர் தேர்வு அவர்கள் வேலை இல்லை. உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921-இல் தொடங்கிய அமைப்பு இந்தச் சொசைட்டி. படிப்பு, சேவை, தலைமைப் பண்பு, நன்னடத்தை நான்கையும் பார்த்து உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது, முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு. கிளையை நடத்தும் ஆலோசக ஆசிரியருக்கே அங்கே வாக்கு கிடையாது. மாணவத் தலைவருக்கு எப்படி இருக்கும்? “எங்க பொண்ணுக்கு ஏன் கிடைக்கலன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுப்பா” என்று கேட்பது அந்தப் பிள்ளையைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுவதாகும். பிறர் விண்ணப்பத்தையோ மதிப்பெண்ணையோ பார்க்க அவருக்கு உரிமை இல்லை. 4.0-க்கு 3.0 என்பது தேசிய விதியின் குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). கிளைகள் அதை உயர்த்தலாம், குறைக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டினால் பரிசீலனைக்குத் தகுதி கிடைக்கும், அவ்வளவுதான். மற்ற மூன்றும் அதற்குப் பிறகே எடைபோடப்படும்.

அதிகம் தகராறு வருவது, உறுப்பினர்கள் எத்தனை மணி நேரம் சேவை செய்தார்கள் என்று தாளில் எழுதும் கணக்கில். பல கிளைகளில் இது துணைத் தலைவர் பொறுப்பு. எத்தனை மணி வேண்டும் என்பது கிளைக்குக் கிளை மாறும்; தாளை நிரப்பும் முறை மாறாது. “தமிழ்ப் பள்ளி, செப்டம்பர் முதல் மே வரை, 40 மணி” என்று ஒரே வரியில் எழுதி வரும் தாளைத் துணைத் தலைவர் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் சரிபார்க்க எதுவுமே இல்லை. சரியான வரி இப்படி இருக்கும்: “அக்டோபர் 12, காலை 9.45 முதல் 12.15 வரை, மழலை வகுப்பில் எழுத்துப் பயிற்சிக்கு உதவி, 2.5 மணி”, பக்கத்தில் வகுப்பு ஆசிரியரின் கையெழுத்தும் அவரைத் தொடர்புகொள்ளும் வழியும். காரில் வந்துபோன நேரம் சேராது. பொங்கல் விழாவில் தான் ஆடும் நடனத்துக்கான ஒத்திகை சேவை ஆகாது. நாற்காலி போட்டு, மேடை துடைத்து, பந்தியில் பரிமாறிய நேரம் ஆகும். ஒரே மணிகளை இரண்டு அமைப்புகளின் கணக்கில் காட்டலாமா என்பதைக் கிளை விதியைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். படிக்காமல் காட்டினால் அது நன்னடத்தைக் கேள்வியாக மாறிவிடும். தப்பாக எழுதியதை வெள்ளை மை போட்டு மறைக்காமல் ஒரு கோடு இழுத்து, அருகில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும்.

இதில் நம் பக்கமும் தவறு இருந்தது. டிசம்பர் வரை, கையில் கிடைத்த பெரியவரிடம் தாளை நீட்டினார்கள். சிலருக்குப் பெற்ற தாயே கையெழுத்திட்டிருந்தார். ஜனவரி முதல் வகுப்பு ஆசிரியரோ அன்றைய பொறுப்பாளரோ மட்டும், அன்றைக்கே, பிள்ளை கிளம்பும் முன் கையெழுத்திடுகிறார். தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

செயலாளர்களாக இருப்பவர்களுக்குக் கூட்டக் குறிப்பு எழுதப் பயிற்சி தந்தோம். யார் என்ன பேசினார் என்பதைவிட, தீர்மானம் என்ன, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவும் எதிர்ப்பும் எத்தனை, எந்த வேலை யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்பவைதான் அதில் இருக்க வேண்டும். “உணவுச் சேகரிப்புக்குப் பெட்டி வாங்க முடிவு செய்யப்பட்டது” என்றால் போதாது; “35 டாலர் வரை செலவிட ஒப்புதல்” என்று தொகை இருந்தால்தான் பொருளாளர் பணம் கேட்க முடியும். கூட்டம் தொடங்கும்போது எண்ணிய கோரம் (வாக்கு செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) கடைசிவரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேருந்து நேரம் வந்ததும் பாதிப் பேர் எழுந்து போவார்கள். மிச்சமிருப்பவர்கள் வாக்கெடுத்தால் அது செல்லாது. அதனால் வாக்கெடுப்புகளை நிகழ்ச்சி நிரலில் முதலில் வைக்கச் சொல்கிறோம்.

பொருளாளரின் கையில் பணம் இருப்பது விற்பனை நாளன்று மட்டும்தான். பலகார விற்பனைக்குச் சில்லறை 40 டாலர் என்றால், ஒரு டாலர் நோட்டு இருபது, ஐந்து டாலர் நோட்டு இரண்டு, கால் டாலர் நாணயச் சுருள் ஒன்று (அதில் 40 நாணயங்கள், 10 டாலர்). விற்பனைக்கு முன்னும் பின்னும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, இருவரும் ஒப்பமிட வேண்டும். வசூலிலிருந்தே எடுத்துப் பனிக்கட்டி வாங்குவது சின்ன விஷயமாகத் தெரியும்; கணக்கு உதைப்பது அங்கேதான். பணம் இரவு வீட்டுக்குப் போகக் கூடாது, அன்றைக்கே பள்ளி அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்க வேண்டும். மாணவரின் சொந்தச் செயலிக் கணக்கில் வசூலிக்கவே கூடாது.

புதிய உறுப்பினர் சேர்ப்பு விழாவில் பெயர்களை வாசிப்பவர் பெரும்பாலும் ஒரு மாணவப் பொறுப்பாளர். அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் தனிக் கவனம் வேண்டியிருக்கிறது. பட்டியலில் மூன்று பத்திகள் போடச் சொன்னோம்: பள்ளிப் பதிவில் உள்ள பெயர், சான்றிதழில் வர வேண்டிய பெயர், உச்சரிப்பு. உச்சரிப்பை அந்தந்த மாணவரையே சொல்ல வைத்து ஒலிப்பதிவு செய்தால் இன்னும் நல்லது. பிள்ளையின் பெயரை அவையில் சரியாகச் சொல்வதும் மரியாதைதான்.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: தேர்வுச் சுமை கூடிவிட்டது என்று ராஜினாமாக் கடிதம் எழுத வைக்காதீர்கள். உறுப்பினர் நிலையிலிருந்து விலகியவருக்கு மறுபடி இடமே கிடையாது, அது தேசிய விதி. பதவியை மட்டும் விடுவதானால் கடிதத்தில் அப்படியே தெளிவாக எழுத வேண்டும். ஊர் மாறிப் போகும் மாணவரின் உறுப்பினர் நிலை பழைய பள்ளியின் கடிதத்தோடு கூடவே வரும். புதிய கிளையின் தகுதியை ஒரு பருவத்துக்குள் எட்டினால் போதும்.

பொறுப்பு ஒப்படைப்பில் ஒரு கிளைக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுக் குறிப்புகளும் மணிக்கணக்குகளும், பட்டம் பெற்றுப்போன மாணவரின் பள்ளிக் கணக்கில் இருந்தன. கோடையில் பள்ளி அந்தக் கணக்கை மூடியதும் கோப்புகளும் போயின. எல்லாக் கோப்பும் ஆலோசக ஆசிரியரின் பெயரில் இருக்க வேண்டும், மாணவருக்குத் திருத்தும் அனுமதி மட்டும் போதும். தேர்தலுக்குப் பின் பழையவரும் புதியவரும் குறைந்தது ஒரு கூட்டத்தையும் ஒரு மாதக் கணக்கையும் சேர்ந்து முடிக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். சேவைத் தாளில் கையெழுத்திடத் தகுதியுள்ளோர் பட்டியலைப் பள்ளி தொடங்கும் முதல் சனிக்கிழமையே வாசலில் ஒட்ட வேண்டும். கணக்கு எழுதும் பயிற்சியை ஆகஸ்டிலேயே, பொறுப்பேற்கும் முன், நடத்த வேண்டும். அறிக்கையையும் இவற்றையும் அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
மாணவர் வழிகாட்டுக் குழு